நெடுந்தீவு: ஓரிரவுத் தங்கல்

நெடுந்தீவு, யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் தட்டையான முருகைக்கல் தீவு. தீவகத்தில் மக்கள் வாழும் தீவுகளுள் குடாநாட்டிலிருந்து மிகத் தள்ளியிருப்பது இதுவே. ஒல்லாந்தர் தீவகத்துக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டியபோது வேலணை 'லைடன்' ஆனது, நயினாதீவு 'ஹார்லெம்' ஆனது, இது 'டெல்ப்ற்' ஆனது. மற்றப் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. டெல்ப்ற் மட்டும் அரச ஆவணங்களில் நிலைத்திருக்கிறது. ஊரவர்களுக்கு அது என்றும் நெடுந்தீவுதான்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் வரை வீதி போகிறது. இருபுறமும் முழங்காலளவு பரவைக்கடல். அதில் களங்கண்டித் தடிகள் நடப்பட்டிருக்கும். நேரம் இருப்பவர்கள் வழியில் சாட்டி வெள்ளைக் கடற்கரையில் இறங்கலாம். ஊர்காவற்றுறைப் பக்கம் திரும்பினால் அதற்கும் காரைநகருக்கும் இடையே நீரில் நிற்கும் கடற்கோட்டையையும், தமிழாராய்ச்சியை உலக மாநாடுகளாக விரித்த தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பொன்னையும் காணலாம்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணிநேரம். சோளகம் வீசும் வைகாசி முதலான மாதங்களில் கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அரிசி மூட்டையிலிருந்து எரிவாயு உருளை வரை தீவுக்கு வேண்டியதெல்லாம் படகில்தான் வருகிறது. 1985 மே 15 அன்று இந்தக் கடலில் 'குமுதினி' படகை மறித்துப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டியும் குத்தியும் கொன்றனர். கடற்படையினரே அதைச் செய்தனர் என உயிர்தப்பியோர் சாட்சி சொன்னார்கள். இறந்தவர்களுக்கு நெடுந்தீவில் நினைவிடம் உண்டு. ஓய்வுக்கு வருபவரும் அங்கே சற்று நின்றுவிட்டுப் போவதுதான் முறை.

காலைப் படகில் வந்து, ஓட்டோ பிடித்து எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, பின்னேரப் படகில் திரும்புவோரே அதிகம். அப்படி வந்தால் இடங்களைப் பார்க்கலாம், தீவைப் பார்க்க முடியாது. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பருத்த வயிறும் கோறையான உள்ளும் கொண்ட பெருக்கமரம், வெடியரசன் கோட்டை என்று வழங்கும் பழைய பௌத்த எச்சங்கள் ஆகிய யாவும் அரை நாளில் முடிந்துவிடும். கடைசிப் படகு போன பின்னர்தான் தீவு தன் இயல்புக்கு வருகிறது. தங்குமிடங்கள் சில உண்டு. ஓரிரவாவது தங்க வேண்டும், சைக்கிளில் சுற்ற வேண்டும்.

சுற்றும்போது கண்ணில் முதலில் படுவது வேலி. குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் செய்த வேலையை இங்கே முருகைக்கல் செய்கிறது. சாந்து எதுவும் பூசாமல், கல்லின் மேல் கல்லாக, மார்பளவுக்கு அடுக்கிய மதில்கள் ஒழுங்கைதோறும் நீளுகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லின் முகத்தில் மூளையின் மடிப்புப்போல நெளிகோடுகளும் சிறு பூக்கள்போன்ற துளைகளும் தெரியும். ஒரு காலத்தில் கடலடியில் உயிரோடிருந்த பவளத்தின் தடம் அது. இடுக்குகளினூடே காற்று புகுந்து போவதால் பெருங்காற்றும் மதிலை இலகுவில் சாய்ப்பதில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலும் இப்படிச் சாந்தில்லாமல் சுண்ணாம்புக்கல் அடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே ஓய்வுக்குப் போகிறவர்கள் அந்த வேலிகளைப் பார்க்கவென்றே நடக்கிறார்கள். நம்முடையவை அந்தக் கவனத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. சரிந்த கல்லை எடுத்து வைக்கக் கைகள்தான் குறைந்துவிட்டன. போரும் புலம்பெயர்வும் பல வளவுகளை ஆளில்லாமல் விட்டுவிட்டன. தீவின் அமைதியில் ஒரு பங்கு அதனால் வந்தது.

தெற்கே பனைகள் விலகிப் புல்வெளி விரிகிறது. கட்டைக்குதிரைகள் அங்கே கூட்டமாக மேய்கின்றன. ஐரோப்பியர் ஆட்சியில் இங்கு குதிரை வளர்ப்பு நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அதைப் பெரிதாக நடத்தினார். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 2015இல் இப்பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் குதிரையின் பாடு நீரோடு கட்டுண்டது. முருகைக்கல் நிலத்தில் மழைநீர் தங்காது; கோடையில் குட்டைகள் வற்றி, தாகத்தால் குதிரைகள் செத்த ஆண்டுகள் உண்டு. சாராப்பிட்டியின் நன்னீர்க் கிணறுகளை ஊரவர் உயிராகப் போற்றுவது இதனால்தான். விருந்தினர் குளிக்க அள்ளும் ஒவ்வொரு வாளியும் அந்தக் கணக்கில் சேரும்.

திரும்பும் வழியில் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால்மணி நேரம் கூடினால் போதும். ஆனித் திருவிழாவில் நாகபூசணி அம்மன் கோயில் சனத்தால் நிறைந்துவிடும். ஆறுதலாகக் கும்பிட விரும்புபவர் வேறு மாதம் வரட்டும். கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வணிகரைக் காப்பதுபற்றிப் பேசும் அது, யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்றும், மற்றச் சரக்கானால் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கிறது.