சாப்பாட்டுக் கடையில் ஒரு சரித்திரப் பாடம்

வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, கோட்டை, கொத்தளம் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் நம்ம நெல்லைச் சீமையைச் சுற்றி இன்னொரு வகைக் கல்வெட்டும் உண்டு. அது சாப்பாட்டுக் கடைகளின் பெயர்களில் இருக்கிறது. படிக்கப் பிராமியும் வட்டெழுத்தும் தெரிய வேண்டாம். கொஞ்சம் பசி இருந்தால் போதும்.

நான் வரலாற்றுத் துறை மாணவன். படித்து முடித்து இத்தனை வருஷம் கழித்தும் பஸ் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அப்படிப் படித்ததில் மூன்று கடைகளை இந்த மலரில் பதிவு செய்ய ஆசை. இருட்டுக்கடை, பார்டர் கடை, பர்மாக் கடை. ஜனங்க வாயில் புழங்குகிற இந்தப் பெயர்களில் விலாஸும் இல்லை, பவனும் இல்லை. மூன்றையும் பார்க்க ஒரு சாயங்காலமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். வெளியூரிலிருந்து வரும் பழைய மாணவர்கள் குடும்பத்தோடு போகலாம். இப்போது படிக்கிற தம்பி, தங்கைகள் கையில் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

நெல் ஊரில் கோதுமை

முதல் கடை ஊருக்குள்ளேயே இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் சாயங்காலம் ஒரு கூட்டம் நிற்கும். அல்வாவை இலைத் துண்டில் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். உட்கார நாற்காலி கிடையாது, பளபளப்பு கிடையாது. ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கு, பிறகு ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு, அவ்வளவுதான் வெளிச்சம். அதனால் ஜனங்களே ‘இருட்டுக்கடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைக்கும்போது ஒன்று யோசித்துப் பாருங்கள். இது நெல் விளைகிற சீமை. ஊர்ப் பெயரிலேயே நெல் இருக்கிறது. நெல்லுக்கு இறைவன் வேலியிட்ட கதையைச் சொல்கிற ஊர். அந்த ஊருக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்த தின்பண்டம் கோதுமைப் பாலில் கிண்டியது! தாமிரபரணிப் பாசனத்தில் கோதுமை எங்கே விளைகிறது? ‘அல்வா’ என்ற சொல்லும் அரபு நாட்டிலிருந்து புறப்பட்டது.

இந்தப் புதிருக்கு விடை ‘லாலா கடை’ என்ற சொல்லில் இருக்கிறது. தென் மாவட்டங்களில் மிட்டாய்க் கடையை லாலா கடை என்றே சொல்லுவோம். வடக்கேயிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பங்கள்தாம் இந்தத் தொழிலை இங்கே ஊன்றின. சொக்கம்பட்டி ஜமீன்தார் காசிப் பக்கம் யாத்திரை போனபோது அல்வாவைச் சாப்பிட்டு மயங்கி, செய்தவரையே கூட அழைத்து வந்துவிட்டார் என்று நெல்லையில் கதை சொல்வார்கள். இருட்டுக்கடையைத் தொடங்கியதும் அப்படி வந்த ‘சிங்’ குடும்பம்தான். அவர்கள் கொண்டு வந்தது கைப்பக்குவம். தண்ணீர் நம்ம தாமிரபரணி. இரண்டும் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்று ஊரை வைத்தே பழமொழி வந்துவிட்டது. வந்தவர் பலகாரம் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

எல்லை போனது, பெயர் நின்றது

இரண்டாவது கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும். செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கடையம், பாவூர்ச்சத்திரம், தென்காசி என்று மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே போகலாம். ஜூன், ஜூலை மாதமானால் குற்றாலத்தில் ஒரு குளியலையும் போட்டுவிடலாம். குளித்த பசிக்கு எல்லோரும் போய் நிற்கும் இடம் செங்கோட்டைக்குச் சற்று முன்னால் உள்ள பிரானூர். அங்கேதான் ‘பார்டர் கடை’.

வாழை இலையில் சின்னச் சின்னப் பரோட்டா. பரிமாறுகிறவரே பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றுவார். பக்கத்தில் நாட்டுக்கோழி, மிளகுக் கோழி, காடை. சாரல் காலத்தில் இடம் கிடைக்க நிற்கத்தான் வேண்டும்.

முதல் தடவை போனபோது பரிமாறின பெரியவரிடம் கேட்டேன்: “அண்ணாச்சி, பார்டர் பார்டர்ங்கியளே, இங்கன பார்டர் எங்க இருக்கு? கேரளா இன்னும் கொஞ்ச தூரம் போகணும்லா?”

அவர் சிரித்தார். “பார்டர் போயி எத்தன காலமாச்சு தம்பி. பேரு மட்டும் இங்கனயே கிடக்கு. இன்னும் ரெண்டு போடட்டுமா?”

ஒரு பாடப்புத்தக அத்தியாயத்தை அவர் ரெண்டு பரோட்டாவுக்கு நடுவில் சொல்லி முடித்துவிட்டார். விஷயம் இதுதான். செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டை, அப்போது மகாராஜா ஆண்ட சமஸ்தானத்து ஊர். மலைக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற ஜனங்களோடு இருந்த அந்த ஊரும், பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லாவும் முட்டிக்கொண்ட இடம் பிரானூர். நாட்டு எல்லை மாதிரியே அங்கே சோதனை உண்டு. சரக்கு நிற்கும், வண்டி நிற்கும். வண்டி நிற்கிற இடத்தில் வண்டிக்காரனுக்குப் பசிக்கும். எல்லையோரங்களில் சாப்பாட்டுக் கடைகள் வளருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு செங்கோட்டைத் தாலுகாவில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மேற்கே மலைப்பக்கம் நகர்ந்தது. சோதனைச்சாவடி இப்போது புளியரையில் இருக்கிறது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகி, செங்கோட்டையும் அதில் சேர்ந்தது. ஒரே ஊர் சமஸ்தானம், மாநிலம், மாவட்டம் என்று மூன்று கை மாறிவிட்டது. பிரானூர்க்காரர்கள் மட்டும் இன்றைக்கும் பஸ் கண்டக்டரிடம் “பார்டர் ஒண்ணு” என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

சாப்பிட்டபின் அந்த ரோட்டில் கொஞ்சம் நடந்து பாருங்கள். மர அறுவை மில்களும் மரக்கடைகளும் கண்ணில் படும். மலைக்கு அந்தப் பக்கத்துக் காடும் இந்தப் பக்கத்துச் சந்தையும் சந்தித்த இடம் இது. எல்லை போனாலும் அது வளர்த்த தொழில்களும் அடுப்பும் போகவில்லை.

எண்ணெய் ஊரில் பர்மா

மூன்றாவது கடைக்கு வடக்கே போக வேண்டும். கோவில்பட்டி வழியாக விருதுநகர் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். போகிற வழியில் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது கொஞ்சம் சுற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்தால் பால்கோவா. ஆனால் வயிற்றில் இடம் வையுங்கள். விருதுநகரில் ‘பர்மாக் கடை’ எண்ணெய்ப் பரோட்டா காத்திருக்கிறது. கல்லில் வாட்டுவதற்குப் பதில் எண்ணெயில் பொரித்து எடுத்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பூ மாதிரி. கூட மட்டன் சுக்காவும் சால்னாவும்.

எண்ணெயில் பொரிப்பானேன் என்று விருதுநகரில் கேட்கக் கூடாது. காமராஜர் பிறந்தபோது விருதுபட்டியாக இருந்த அந்த ஊர் எண்ணெய்க்கும் பருப்புக்கும் மல்லிக்கும் மிளகாய்க்கும் பேர்போன வியாபாரத் தலம். ஊரில் எது தாராளமோ அது சட்டிக்குள் இறங்கியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: வறண்ட கரிசல் ஊரில் பர்மா எப்படி வந்தது?

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அதில் தமிழர்கள் ஏராளம். வயலில் கூலியாக, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களாக, கடைச் சிப்பந்தியாக, வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளையாகப் போனார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் மலையும் காடும் தாண்டி அஸ்ஸாம், மணிப்பூர் வரை நடந்தார்கள். வழியிலே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

யுத்தம் முடிந்து சிலர் திரும்பவும் போனார்கள். 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று தலைமுறைச் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது. லட்சக்கணக்கானவர்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள். சென்னையில் பர்மா பஜார் அப்படி வந்தது. பல ஊர்களில் பர்மா காலனிகள் அப்படி வந்தன. நகையை விட்டுவிட்டு வரச் சொல்லலாம். நாக்கை விட்டுவிட்டு வரச் சொல்ல முடியுமா? சென்னையில் அத்தோவும் மொய்ஞாவும் இன்றைக்கும் தெருவோரம் விற்கின்றன. விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடைமேல் அந்த நாட்டின் பெயரே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

1942 என்ற முடிச்சு

பார்டர் கடையையும் பர்மாக் கடையையும் கட்டுகிற ஒரு முடிச்சு உண்டு. அதுவும் 1942தான். சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பிச் சாப்பிட்டவை. ரங்கூன் விழுந்ததும் அந்த அரிசி நின்றது. திருவிதாங்கூரில் மரவள்ளிக் கிழங்கு உயிர் காத்தது. ரேஷன் வந்தது. அரிசி மட்டுமே தெரிந்த வீடுகளுக்குள் கோதுமை நுழைந்தது. பிறகு 1950களிலும் 60களிலும் அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. நம் பக்கம் பரோட்டாக் கல் ஊருக்கு ஊர் ஏறியதற்குப் பின்னால் இந்தப் பஞ்சமும் கப்பலும் இருக்கின்றன. நெல்லையில் ஜமீன்தார் ரசனையில் வந்த கோதுமை, அடுத்த தடவை யுத்தத்தோடு வந்தது. பிரானூரில் இலையில் விழுகிற பரோட்டாவுக்கும் ரங்கூன் துறைமுகத்துக்கும் உறவு உண்டு என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னால் கேட்பார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். பண்டத்துக்குக் காவல் வந்துவிட்டது. கடைப் பெயருக்குள் இருக்கிற கதைக்கு யார் காவல்? இப்போது ‘பார்டர்’ என்ற பலகை சென்னையில்கூடத் தொங்குகிறது. அங்கே சாப்பிடுகிற பிள்ளைக்கு அது வெறும் சத்தம். எந்த எல்லை, யார் வகுத்தது என்று கேட்கத் தோன்றாது. பிரானூரில் நின்றால்தான் அந்தக் கேள்வியே வரும். ஒரு நாள் செலவழித்து அந்தந்த ஊருக்கே போய்ச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்வது ருசிக்காக மட்டுமில்லை. 2020-ல் கொரோனாக் காலத்தில் இருட்டுக்கடை உரிமையாளர் காலமானபோது ஊரே துக்கப்பட்டது. பெரிய கடை என்பதால் செய்தி வந்தது. சின்னக் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பெரியவர்களோடு கதையும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பர்மாவிலிருந்து கடைசிக் கப்பலில் குழந்தையாக வந்தவர்களுக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது.

ஆகவே வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருஷத்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா மகாபலிபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் போகட்டும்; கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடைகளுக்கும் போங்கள். முதலில் நன்றாகச் சாப்பிடுங்கள். பசியோடு கேட்கிற கேள்வியில் பொறுமை இருக்காது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், யாரிடம் தொழில் பழகினீர்கள், இந்தப் பெயர் யார் வைத்தது, முதலில் என்ன விலைக்கு விற்றீர்கள்? சொன்னதைச் சொன்ன பாஷையிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். துறை நூலகத்தில் ஒரு அலமாரி போதும். அதற்கு ஆகிற செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்த மலரில் என்னைப் போன்றவர்கள் எழுத வேண்டாம். அந்த நோட்டுகளிலிருந்து நாலு பக்கம் அச்சிட்டால் போதும். பயணச் செலவு கையைக் கடித்தால் சங்கத்தைக் கேளுங்கள். சால்னா மட்டும் எங்கே போனாலும் இலவசந்தான்.