தி பிரெஞ்சு கனெக்‌ஷன்: ஒரு படம் வீட்டுக்கு வந்த வரலாறு

தி பிரெஞ்சு கனெக்‌ஷன் 1971 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளியான அமெரிக்கக் குற்றத் திரைப்படம். பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குக் கடத்தி வரப்படும் ஹெராயினை, நகரக் காவல்துறையின் போதைப்பொருள் பிரிவைச் சேர்ந்த இரு துப்பறிவாளர்கள் தேடித் திரிவதே கதை. வில்லியம் ஃபிரீட்கின் இயக்கினார். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. சிறந்த படம், இயக்குநர், நடிகர் (ஜீன் ஹேக்மன்), தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு ஆகியவற்றுக்காக ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்றது. இன்று இப்படத்தை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் திரையரங்கில் பார்த்தவர்கள் அல்லர். வீடியோ கேசட்டிலும் டிவிடியிலும் ப்ளூ-ரே வட்டிலும் இணையத்திலும் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்தது ஒரே படம்தானா என்ற கேள்வி 2009 இல் ஒருமுறையும் 2023 இல் மறுமுறையும் எழுந்தது.

படத்தின் தோற்றம்

1960களின் தொடக்கத்தில் எடி ஈகன், சோனி குரோசோ என்ற இரு காவலர்கள் துப்புத் துலக்கிய உண்மை வழக்கைப் பற்றி ராபின் மூர் எழுதிய நூலே படத்துக்கு அடிப்படை. அவ்விரு காவலர்களும் படப்பிடிப்பில் ஆலோசகர்களாக இருந்ததோடு சிறு வேடங்களிலும் நடித்தனர். சிகாகோ தொலைக்காட்சியில் ஆவணப்படங்கள் எடுத்துப் பழகிய ஃபிரீட்கின், கதைப்படத்தையும் அதே முறையில் எடுக்க விரும்பினார். நடிகர்கள் எங்கே நிற்பார்கள், எப்போது நகர்வார்கள் என்பதை ஒளிப்படக் கருவியைத் தோளில் ஏந்தியவருக்குப் பல வேளைகளில் முன்கூட்டிச் சொல்லவில்லை. நிகழ்வைக் கருவி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே எண்ணம்.

ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனுக்கு அப்போது வயது 34. நியூயார்க்கின் குளிர்காலத்தில், உண்மையான மதுக்கடைகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் புரூக்ளின் மேம்பால ரயில்பாதைக்கு அடியிலும் படம் எடுக்கப்பட்டது. அலங்கார விளக்குகளைத் தவிர்த்து, இடத்தில் இருந்த வெளிச்சத்தை ஒட்டியே ராய்ஸ்மன் ஒளி அமைத்தார். அதனால் படச்சுருளில் துகள்கள் தெரிந்தன, நிழல்கள் கறுத்தன, நிறங்கள் மங்கிய பழுப்பும் சாம்பலுமாய் நின்றன. குளிரில் நின்று எதிர்ப்பக்க உணவகத்தைக் கண்காணிக்கும் காவலரின் கையிலிருக்கும் காப்பி எவ்வளவு மோசமானது என்பதைக்கூட அந்த நிறமே சொல்லிவிடும். ராய்ஸ்மன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் விருது ஃபிட்லர் ஆன் தி ரூஃப் படத்துக்காக ஆஸ்வால்ட் மோரிஸ் என்பவருக்குப் போனது. இந்தப் பெயர் மீண்டும் வரும்.

கேசட்டிலிருந்து வட்டுக்கு

வீட்டில் படம் பார்க்கும் தொழிலின் பிறப்பிலேயே இப்படத்துக்கு இடம் உண்டு. 1977 இல் மிச்சிகன் மாநிலத்தின் மேக்னெட்டிக் வீடியோ நிறுவனம் ஃபாக்ஸிடமிருந்து 50 படங்களின் உரிமையைப் பெற்று வீடியோ கேசட்டாக விற்கத் தொடங்கியது. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் படங்கள் இவ்வாறு நேரடியாக வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தது அதுவே முதல்முறை. அந்த 50 இல் பிரெஞ்சு கனெக்‌ஷனும் ஒன்று. அக்காலத் தொலைக்காட்சியின் சதுரமான திரையும் நாடாவின் குறைந்த தெளிவும் ராய்ஸ்மனின் இருட்டைச் சேறாக்கின. ஆனாலும் அது கருவியின் குறை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. 2001 இல் வந்த இரண்டு தட்டு டிவிடி அகலத் திரை வடிவையும் பழைய நிறத்தையும் பெருமளவு மீட்டுத் தந்தது.

2009 ஆம் ஆண்டின் ப்ளூ-ரே

2009 பிப்ரவரியில் வெளியான ப்ளூ-ரே வட்டைப் போட்டுப் பார்த்தவர்கள் திகைத்தனர். நிறம் வெளிறி, மாறுபாடு கூடி, படமே பாதி கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஆங்காங்கே நிறம் பொருளின் விளிம்பைத் தாண்டிக் கசிந்திருந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ண வழியில்லை. என்ன செய்தார் என்பதை ஃபிரீட்கினே அதே வட்டிலிருந்த ஒரு குறும்படத்தில் உற்சாகமாக விளக்கியிருந்தார். முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது. பிறகு வண்ணப் பிரதியின் நிறத்தை அளவு மீறி ஏற்றி, அதன் கூர்மையைக் கலைத்து, மீண்டும் குறைத்து, கறுப்பு வெள்ளையின் மேல் மெல்லிய படலமாகப் போர்த்துவது. இதற்கு முன்னோடியாக அவர் குறிப்பிட்டது ஜான் ஹஸ்டன் இயக்கிய மோபி டிக் (1956). அதன் நிறமுறையை உருவாக்கிய ஒளிப்பதிவாளர் வேறு யாருமல்ல, ராய்ஸ்மனை முந்தி விருது பெற்ற அதே ஆஸ்வால்ட் மோரிஸ்.

ராய்ஸ்மனிடம் எதுவும் கேட்கப்படவில்லை. வட்டு வெளியான சில நாள்களிலேயே அவர் ஒரு நேர்காணலில் அதைக் கடுமையாகக் கண்டித்து, இதற்கும் தனக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார். சட்டப்படி அவரால் அதற்குமேல் எதுவும் செய்ய இயலாது. அமெரிக்கச் சட்டத்தில் கூலிக்குச் செய்த வேலையாகக் கருதப்படும் படத்தின் ஆசிரியர் தயாரிப்பு நிறுவனமே. நிறுவனமும் இயக்குநரும் ஒத்துப்போனால் ஒளிப்பதிவாளரின் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1980களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியால் வண்ணம் பூசி வெளியிட்டபோது இயக்குநர்கள் கொதித்தெழுந்தனர். அந்தச் சர்ச்சையின் விளைவாகவே 1988 இல் திரைப்படப் பாதுகாப்புச் சட்டமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேடும் வந்தன. பதிவேட்டில் உள்ள படத்தை மாற்றினால் அந்த விவரத்தைப் பிரதியில் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் முதலில் இருந்தது; 1992 இல் அது கைவிடப்பட்டது. பிரெஞ்சு கனெக்‌ஷன் 2005 இல் அப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், வண்ணப் படம் ஒன்றிலிருந்து வண்ணம் உருவப்பட்டது, உருவியவர் இயக்குநர்.

ஃபிரீட்கினின் தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எழுத்தாளர் மறுபதிப்பில் திருத்துகிறார். இசைக்கலைஞர் அதே பாட்டை வேறுவிதமாகப் பாடுகிறார். ஆனால் பழைய பதிப்பும் அலமாரியில் கிடைத்தால்தான் அந்த ஒப்பீடு பொருந்தும். 2009 இல் உயர்தெளிவில் வேறு பிரதி எதுவும் விற்பனையில் இல்லை. திருத்தப்பட்ட வடிவமே படம் என்று ஆகிவிட்டது, சிக்கல் அங்கேதான். 2012 இல் ஃபாக்ஸ் மீண்டும் ஒரு ப்ளூ-ரே வெளியிட்டது. இம்முறை ராய்ஸ்மனும் பங்கேற்றார். பழுப்பும் சாம்பலும் நீலமும் திரும்பின.

காணாமல் போன ஆறு விநாடிகள்

2019 இல் ஃபாக்ஸின் திரைப்பட நூலகம் டிஸ்னியின் கைக்குப் போனது. 2023 ஜூன் மாதம், கிரைடீரியன் சேனல் என்ற இணையச் சேவையில் படத்தைப் பார்த்தவர்கள், தொடக்கப் பகுதியில் ஒரு சிறு உரையாடல் இல்லாததைக் கவனித்தனர். டர்னர் கிளாசிக் மூவிஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் அது இல்லை. கத்திக்குத்தில் கையில் காயம்பட்ட ருசோவிடம், கதைநாயகன் டாயில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்தும் இடம் அது. வெட்டப்பட்டது சுமார் ஆறு விநாடி. ஒட்டிய இடத்தில் படம் துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது. கிரைடீரியனுக்கு உரிமையாளர் தரப்பிலிருந்து வந்த பிரதியே அவ்வாறு இருந்தது.

அந்தச் சொல் கேட்பதற்குக் கூசுவதுதான். கூச வேண்டும் என்றே அது வைக்கப்பட்டிருந்தது. டாயில் நல்லவன் என்று படம் எங்கும் சொல்லவில்லை. இறுதிக் காட்சியில் அவன் தவறுதலாகத் தன் பக்கத்து அதிகாரியையே சுட்டுக் கொல்கிறான். அதற்காக ஒரு கணமும் நிற்காமல் இருட்டுக்குள் ஓடுகிறான். கடத்தல் தலைவன் தப்பிவிடுகிறான். அந்த முடிவுக்குப் போகும் பாதை தொடங்குவது வெட்டப்பட்ட உரையாடல் போன்ற இடங்களிலிருந்துதான். இனவெறியை மட்டும் துடைத்தெடுத்தால் டாயில் சற்றுக் கரடுமுரடான ஒரு காவலனாக மிஞ்சுகிறான்.

2009 இன் நிறமாற்றத்துக்கும் 2023 இன் வெட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னதை விளக்கும் குறும்படம் வட்டிலேயே இருந்தது. பின்னதைப் பார்வையாளர்களே பழைய பிரதியோடு ஒப்பிட்டுக் கண்டறிய வேண்டியிருந்தது.

ஓவன் ராய்ஸ்மன் 2023 ஜனவரியில் காலமானார். வெட்டு பேசப்படத் தொடங்கிய சுமார் இரண்டு மாதங்களில், அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று, ஃபிரீட்கினும் காலமானார். 2001 டிவிடியிலும், நிறம் கெட்ட 2009 வட்டிலும், திருத்திய 2012 வட்டிலும் அந்த ஆறு விநாடிகள் அப்படியே உள்ளன.