பனிக்கடியில் ஒரு குடில், அதற்குள் ஓர் அடுப்பு



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், மலையில சின்னதா ஒரு மரவீடு வாங்கியிருக்கேன். ஒரே ரூம்தான். சூடு பண்ண எத்தனை பிடியூ கேஸ் அடுப்பு வாங்கலாம்?" கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வரலாறு. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பைர்டு, 1929இல் தென்துருவத்தின் மேல் விமானத்தில் பறந்தவர். 1933இல் இரண்டாம் முறையாக அண்டார்க்டிகா போனார். கடலோரத்தில் 'லிட்டில் அமெரிக்கா' என்ற முகாம். அங்கிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, குளிர்காலம் முழுக்க வானிலையைக் குறிக்க ஒரு சிறு நிலையம். மூன்று பேர் தங்குவதாகத் திட்டம். அவ்வளவு பேருக்கான பொருட்களைக் கொண்டுபோக முடியவில்லை. இரண்டு பேர் மட்டும் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் சண்டை வரும் என்று நினைத்த பைர்டு, தனி ஆளாகத் தங்கினார். அது 1934 மார்ச் கடைசி. அப்போது அவருக்கு வயது 45.

குடிலின் அளவு 9 அடிக்கு 13 அடி, உயரம் 8 அடி. நம் வீட்டுப் படுக்கையறை அளவுதான். காற்று அடிக்காமல் இருக்கப் பனியைத் தோண்டி உள்ளே இறக்கியிருந்தார்கள். அடுப்பு, சாதாரண நிலக்கரி அடுப்பை எண்ணெயில் எரியும்படி மாற்றியது. வெளியே குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. அந்தக் குளிரிலும் அடுப்பு சின்னதாக இருந்தது அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. புகைக்குழாயின் இணைப்புகள் சரியாகப் பொருந்தாமல் கசிந்தன. காற்று வரும் குழாய்களில் பனி உறைந்து அடைத்தது.

மே 31ஆம் தேதி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, சுரங்க வழியில் வைத்திருந்த பெட்ரோல் இயந்திரம் தடுமாறியது. பார்க்கப் போனவர் அதன் புகையில் மயங்கி விழுந்தார். தவழ்ந்துதான் திரும்பினார். அதன் பிறகு அடுப்பும் தன்னைக் கொல்கிறது என்று புரிந்தது. பற்றவைத்தால் விஷவாயு, அணைத்தால் உறைபனி. தினமும் பல மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். உள்சுவரில் பனி ஏறியது.

அந்த வாயு கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். சுரங்க விபத்துகளில் பலரைக் கொல்வது இதுதான் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896லேயே அறிக்கை கொடுத்துவிட்டார். பைர்டுக்கும் ஆபத்து தெரியும். தெரிந்தும் குழாய் கசிந்தது, அதுதான் பாடம்.

உதவி கேட்டால் இருட்டில் வருகிறவர்கள் செத்துப்போவார்கள் என்று தன் நிலையை மறைத்தார். அவர் அனுப்பிய மோர்ஸ் எழுத்துகள் குழம்புவதைக் கவனித்துத்தான் முகாமில் சந்தேகப்பட்டார்கள். தாமஸ் போல்டர் தலைமையில் கிளம்பிய வண்டி இரண்டு முறை திரும்பியது. மூன்றாம் முறை, ஆகஸ்ட் மாதம், மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். பயணம் செய்யும் அளவுக்கு அவர் தேற அக்டோபர் ஆகிவிட்டது. இதையெல்லாம் 1938இல் 'அலோன்' என்ற நூலில் அவரே எழுதினார்.

இனி கணக்கு. பைர்டின் குடில் அளவுள்ள அறை, சுவரிலும் கூரையிலும் நல்ல வெப்பக்காப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு கிலோவாட் சுமாராகப் போதும். அது மணிக்கு 3,412 பிடியூ. காப்பு இல்லாத வெறும் பலகைச் சுவர் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். முதலில் சுவரைக் கவனி, பிறகு அடுப்பை வாங்கு.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று 10,000 பிடியூ வாங்கி முழு வேகத்தில் எரித்தால், 9 மணி நேரத்தில் சுமார் 2 கிலோ கேஸ் தீரும். அந்த 2 கிலோ எரிய, பைர்டின் குடில் முழுக்க இருக்கும் அளவு காற்று, அதாவது சுமார் 26 கன மீட்டர் வேண்டும். ஓர் இரவுக் கணக்கு இது. காற்று குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிந்து மோனாக்சைடு கிளம்பும். கூடவே 3 லிட்டர் தண்ணீர் ஆவியாகிச் சுவரில் படியும்.

ஆகவே தம்பி, எரியக் காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே தள்ளும் மூடிய வகை ஹீட்டரை வாங்கு. குழாயை வருஷம் ஒருமுறை சோதிக்கச் சொல். மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைப் பக்கம் இருக்கட்டும். சமையல் அடுப்பை அறை சூட்டுக்கு எரிக்காதே.

ஊட்டி, கொடைக்கானல் போகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். மூடிய அறையில் கரி நெருப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்று நம் பத்திரிகைகளிலும் செய்தி வந்திருக்கிறது. குளிர்ந்தால் இன்னொரு கம்பளி கேளுங்கள். குளிர் ஊரில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.