கிராங்க் ஆயில் சீல்: வண்டலூர்க் கார்களின் காலம் முதல்

கிராங்க் ஷாஃப்ட் (வணரித்தண்டு) என்ஜினுக்கு வெளியே தலைநீட்டும் இரு முனைகளிலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம் ஆயில் சீல் எனப்படும். விலை குறைந்த உறுப்பே ஆயினும், பின்முனைச் சீல் பழுதானால் எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்து வழுக்கும். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஆகவே என்ஜினைப் பிரித்துக் கட்டும்போதே அதைச் சரியாகப் பொருத்துவது வழக்கம்.

திருகுபுரித் தடுப்பு

1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், தாம்பரத்தை அடுத்த வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பகுதியில் கார்களைத் தயாரித்தது. 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் 948 சிசி என்ஜினில், பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அலுமினிய உறையும் திருகுபுரி போன்ற வரிப்பள்ளமும் சேர்ந்து, தண்டு சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பின. உறை தண்டைத் தொடக்கூடாது. சுற்றிலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே இடைவெளி வேண்டும். மெக்கானிக்குகள் ஃபீலர் கேஜ் வைத்து அதை நடுப்படுத்திய பின்னரே போல்ட்டுகளை முறுக்கினர்.

இம்முறையில் தேய்மானம் குறைவு. ஆனால் தண்டு நின்றதும் திருகுபுரியின் வேலையும் நின்றுவிடும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தால் எரிவாயு கீழிறங்கி, கிராங்க் அறையில் அழுத்தம் கூடி, எண்ணெயை வெளியே தள்ளும். அந்நிலையில் உறையை மட்டும் மாற்றுவதால் ஒழுகல் நிற்காது.

உதட்டுச் சீல்

ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் தோல் பதனிடும் நிறுவனம், வால்டர் சிம்மரின் பெயரால் 'சிம்மரிங்' என்ற சீலை 1930களில் பரப்பியது. முதலில் தோலாலும் பின்னர் செயற்கை ரப்பராலும் ஆன அதன் உதட்டை ஒரு சுருள்வில் தண்டின் மீது அழுத்திப் பிடித்தது. பின்னாளைய ட்ரயம்ப் என்ஜின்களும் உதட்டுச் சீலுக்கு மாறின.

இதைப் பொருத்தும்போது சுருள்வில் உள்ள பக்கம் என்ஜினின் உட்புறம் நோக்க வேண்டும். பழைய உதடு தண்டில் தேய்த்த பள்ளத்தின் மீதே புதிய உதடு அமர்ந்தால் மீண்டும் கசியும்; எனவே சீலைச் சற்றுத் தள்ளி அமர்த்துவர், அல்லது தண்டின் மீது மெல்லிய உலோக உறை ஏற்றுவர். ரப்பர் உதட்டுக்கு எண்ணெய் தடவுவர். அண்மைக் கார்களிலுள்ள டெஃப்லான் உதட்டுச் சீலைப் பொதுவாக எண்ணெயின்றி, உலர்வாகவே பொருத்துவர்.

பின்னாளில்

ஹெரால்டு 1971-ல் நின்றது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 கார், பழைய வான்கார்டு என்ஜினின் வழிவந்த 1991 சிசி என்ஜினைக் கொண்டிருந்தது. 1988-ல் தயாரிப்பு முடிந்தது. 1990களில் மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் உற்பத்தியைத் தொடங்கியபோது, உதட்டுச் சீலே பொதுவழக்காகியிருந்தது. எஞ்சிய ஹெரால்டுகளைப் பேணுவோருக்கு மட்டும், அந்த நுண்ணிய இடைவெளியை அளக்கும் வேலை இன்றும் மாறவில்லை.