சாக முதல் அறுத்தால் கறிக்காகுமா? – கோழிகளில் பறவைக் காய்ச்சலை இனங்காணல்

கடந்த மாரியில் எங்கள் அயல்வீட்டு அக்காவின் பதினொரு கோழிகளில் ஏழு, மூன்று நாட்களுக்குள் செத்துப்போயின. மிச்சம் நான்கும் தூங்கி விழத் தொடங்கியபோது, "சாக முதல் அறுத்தால் கறிக்காவது உதவும் தம்பி" என்றார். முட்டை விற்ற காசில்தான் மகளின் ரியூசன் நடந்தது. அவருடைய கணக்கு எனக்கு விளங்கியது. ஆனால் பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றும் முக்கிய வழிகளில் ஒன்று இதுதான்: வருத்தக் கோழியை அறுப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது. 1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 வைரஸ் தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தனர்.

கவனிக்க வேண்டியவை:

• எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென அடுத்தடுத்துச் சாவது. வீரியமான வகையில் 48 மணித்தியாலங்களுக்குள் கூட்டில் உள்ள அனேகமாக எல்லாமே செத்துவிடலாம்.
• கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாய்வது. தலை, கண் இமை வீங்குவது.
• செதில் மூடிய கால்களில் இரத்தம் கண்டிய சிவப்புப் புள்ளிகள்.
• முட்டை சடுதியாகக் குறைவது, தோல்முட்டை இடுவது.
• இருமல், தும்மல், மூக்கால் வடிதல், வயிற்றோட்டம்.
• கழுத்து திருகுவது, தள்ளாடுவது.

வீரியம் குறைந்த வகையில் இறகு சிலிர்ப்பதும் முட்டை குறைவதும் மட்டுமே தெரியலாம். தாராக்கள் நோயைக் காட்டாமலே வைரஸைப் பரப்பக்கூடும்.

சிக்கல் என்னவென்றால், ராணிக்கெட் நோயிலும் இதே கழுத்துத் திருகல், இதே வயிற்றோட்டம், இதே சாவு. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆய்வுகூடப் பரிசோதனைதான் சொல்லும். ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி போட்ட கோழிகள் கூட்டமாகச் செத்தால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். மன்னார் வங்காலை போன்ற ஈரநிலங்களுக்கு வலசைப் பறவைகள் வரும் மாரி காலத்தில் கூடுதல் கவனம் தேவை. காட்டு நீர்ப்பறவைகளே இவ்வைரஸின் இயற்கை உறைவிடம்.

சந்தேகம் வந்தால் செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். குளத்திலோ பற்றைக்குள்ளோ எறியாதீர்கள். நாய், பூனை, காகம் இழுக்க விடாதீர்கள். மிச்சக் கோழிகளை விற்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். கோழிகளோடு புழங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அக்காவின் கோழிகளுக்கு வந்தது ராணிக்கெட் என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் அந்த முடிவு வரும்வரை அவர் நான்கையும் அறுக்கவில்லை. அவையும் குழிக்குத்தான் போயின. அந்த நட்டத்தின் பெறுமதி அவருக்குத்தான் தெரியும். ஆனால் என்ன நோய் என்று தெரியாத நிலையில், அதைத் தாங்கிக்கொண்டதுதான் அவரது சமையலறைக்குப் பாதுகாப்பான வழி.