அடக்கமும் உடன்படிக்கையும்: இரு மரண இடாப்புகள்

சிலாபத்தில் ஒரு குடும்பம் தன் பூட்டனார் இறந்த விவரத்தைத் தேடினால், முதலில் போய் நிற்பது பங்குத்தந்தையின் அலுவலகத்தில்தான். வட்டுக்கோட்டையிலோ உடுவிலிலோ அதே தேடலில் இறங்கும் குடும்பம் அமெரிக்க மிஷனின் சபைப் புத்தகங்களை நாடும். இரண்டும் கிறிஸ்தவர் வைத்த ஏடுகள், இரண்டிலும் இறந்தவர் பெயர் உண்டு. ஆனால் ஒன்றில் தேடிப் பழகியவர் அதே முறையோடு மற்றதைத் திறந்தால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். புத்தளம் மாவட்டக் கரையோரத்துக் கத்தோலிக்க மரண இடாப்பும் அமெரிக்க மிஷன் பின்பற்றிய காங்கிரிகேஷனல் சபையின் மரணக் குறிப்பும் இறந்தவரிடம் கேட்கும் கேள்விகள் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் சான்றாகக் கொள்ள முடியாது.

தோன்றிய காரணம்

கத்தோலிக்க இடாப்பின் வேர் 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூலில் இருக்கிறது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், குடும்ப நிலை, மரணம் என ஐந்து ஏடுகளைப் பங்குக் குரு வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. மரணப் பதிவுக்கு ஒரு வாசகத்தையும் தந்தது. இறந்த நாள், பெயர், வயது, பெற்றோர், பாவசங்கீர்த்தனம் கேட்டவர் யார், கடைசி நற்கருணை கிடைத்ததா, அவஸ்தைப் பூசுதல் எப்போது, உடல் எங்கே அடக்கப்பட்டது என்பவை அதில் இடம்பெறும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அடக்கம் முடிந்ததும் மரண இடாப்பில் எழுதவேண்டும் என்றே சொல்கிறது. இங்கே பதிவு சடங்கின் தொடர்ச்சி. இறந்தவருக்காகச் செபிக்கும் சபைக்கு அவர் எந்த நிலையில் போனார் என்பது தெரிந்தாக வேண்டும்.

காங்கிரிகேஷனல் மரபு இதற்கு நேரெதிரான இடத்திலிருந்து புறப்பட்டது. 1645இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வகுக்கப்பட்ட வழிபாட்டு நெறி, உடலைச் சடங்கு எதுவுமின்றி மரியாதையாகப் புதைத்தால் போதும் என்றது. அந்தப் பியூரிட்டன் மனப்போக்கில் அடக்கம் சபையின் வேலையாக இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1639இலேயே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் பொறுப்பு அரசுப் பதிவாளரிடம் போய்விட்டது. சபை வைத்துக்கொண்டது உறுப்பினர் பட்டியல். அதே மாசசூசெட்ஸில் 1648இல் வகுக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் நெறிமுறைப்படி சபை என்பது உடன்படிக்கையால் ஒன்றுசேர்ந்த விசுவாசிகளின் கூட்டம். ஆகவே ஒருவர் எப்போது சேர்ந்தார், எப்படிப் போனார் என்பதே புத்தகத்தின் கவலை. வேறு சபைக்குக் கடிதம் பெற்றுப் போனார், விலக்கப்பட்டார், இறந்தார் என்று போகும் வகை மூன்று. மரணம் அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான்.

யார் உள்ளே, யார் வெளியே

தோன்றிய காரணத்திலுள்ள இந்த வேறுபாடு பட்டியலின் அகலத்தை முடிவு செய்கிறது. கற்பிட்டியிலோ மாரவிலவிலோ பிறந்த சில நாளில் ஞானஸ்நானம் பெற்று ஒரு வாரத்தில் இறந்த குழந்தைக்கும் கத்தோலிக்க இடாப்பில் ஒரு வரி சேரவேண்டும். காங்கிரிகேஷனல் புத்தகத்தில் அந்தக் குழந்தை பெற்றோரின் பெயரோடு ஞானஸ்நானப் பட்டியலில் இருக்கலாம். சோதிக்கப்பட்டுத் திருவிருந்தில் சேர்க்கப்பட்டோரின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்கள் தொடங்கினர். அவர்களுடைய பள்ளிகளில் படித்தோர் பலர், சபையில் சேர்ந்தோர் சிலர். சேர்ந்த பிறகு சைவ முறைத் திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ விலக்கப்பட்டவர் புத்தகத்திலிருந்து அன்றே போய்விடுகிறார். பின்னர் அவர் இறந்த நாளை அந்த ஏட்டில் தேடுவது வீண். கத்தோலிக்க முறையிலும் விலக்கு உண்டு. தற்கொலை செய்தோருக்கும் ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் சேமக்காலையில் இடம் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. ஆனால் அங்கே கதவு சாவின் வாசலில் மூடுகிறது. காங்கிரிகேஷனல் சபையில் அது வாழும்போதே மூடலாம்.

வரியில் என்ன இருக்கும்

கத்தோலிக்க வரி சுருக்கமானது, வார்ப்பில் ஊற்றியது போல ஒரே வடிவானது. அதன் பலம் தொடர்ச்சி. அதன் இடர், கரையோரத்துப் பெயர்கள். பெர்னாந்து, பீரிஸ், டயஸ் என்ற குடும்பப் பெயர்களும் அந்தோனி, சந்தியாகு, மரியாள் என்ற புனிதர் பெயர்களும் தலைமுறை தலைமுறையாகத் திரும்ப வருவதால், தகப்பன் பெயரும் வயதும் இல்லாமல் ஆளை உறுதி செய்ய முடியாது.

யாழ்ப்பாணத்து இடர் வேறு. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்கள் விரும்பிய பெயர்கள் அந்தப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று புலவர்களின் பெயர்களே இதற்குச் சாட்சி. மிஷன் ஆவணத்தில் அமெரிக்கப் பெயரும் காணி உறுதியில் தமிழ்ப் பெயரும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவும் வேலை தேடுவோருக்கு விழும்.

ஆனால் காங்கிரிகேஷனல் மரபு ஓரிடத்தில் மிக விரிவாகப் பேசும். ஒருவர் எப்படிப் போனார், கடைசி நாள்களில் என்ன சொன்னார், எதை நம்பினார் என்பதை மிஷனரிமார் கடிதங்களாக எழுதினார்கள். பாஸ்டனில் அச்சான மிஷனரி ஹெரால்ட் அவற்றை வெளியிட்டது. அமெரிக்க மிஷனரி டேனியல் பூவர் 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தபோது அது அமெரிக்கச் சபைகளுக்கும் செய்தியானது. அதே ஆண்டுகளில் சிலாபக் கரையில் இறந்த மீனவருக்கு இடாப்பில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. ஆனால் யாழ்ப்பாணக் கடிதங்களில் இடம்பெற்றவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சிலாபத்து வரியில் தேர்வு இல்லை.

கடலில் போனவர்கள்

இரு மரபுகளும் மிகத் தெளிவாகப் பிரியும் இடம் கடல். புத்தளக் கரை மீனவர் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுவோர். சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து கற்பிட்டித் தீவுகளுக்கும் மன்னாருக்கும் கிழக்குக் கரைக்கும் போய் வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்வார்கள். வாடியில் இறந்தவர் அங்கேயே அடக்கப்பட்டால் பதிவும் அந்தப் பங்கில்தான் விழும். கடலில் காணாமற் போனவர் நிலை இன்னும் மோசம். அடக்கம் முடிந்தபின் எழுதுக என்பதுதான் விதி. உடல் கரை சேராவிட்டால் அந்த விதி தொடங்கவே இடமில்லை. பூசை ஒப்புக்கொடுக்கலாம், ஆனால் இடாப்பில் எழுதுவது அந்தந்தக் குருவின் அக்கறையைப் பொறுத்தது.

இதற்கு எதிர்முனையில் மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகம் இருக்கிறது. 1812இல் சாமுவேல் நியூவெல் உள்ளிட்ட முதல் அமெரிக்க மிஷனரிமார் குருப்பட்டம் பெற்ற ஊர் அது. நியூவெல் மறுவருடம் இலங்கைக்கு வந்தார். அந்த ஊரின் கிழக்குச் சபையில் 1783 முதல் 1819 வரை போதகராக இருந்த வில்லியம் பென்ட்லி, 1785இலிருந்து தன் சபையாரின் மரணங்களைத் தானே பட்டியலிட்டார். வயது, நோய், குடும்பம் என்று குறித்த அவர், கடலிலும் தூரத் துறைமுகங்களிலும் இறந்த மாலுமிகளையும் விடவில்லை. சடங்கோடு பதிவைக் கட்டாத மரபு என்பதால் உடல் இல்லாத சாவுக்கும் அவர் ஏட்டில் இடம் இருந்தது. அதேவேளை அது ஒரு தனிமனிதரின் ஊக்கம். அவருக்குப் பின் அதைத் தொடரும் கடமை எவருக்கும் இல்லை. விதியால் வந்த கத்தோலிக்க ஏடு குரு மாறினாலும் தொடர்ந்தது.

இடையில் வந்த ஏடுகள்

புத்தளக் கரையில் காங்கிரிகேஷனலுக்கு உறவான கல்வினிய மரபு ஒன்று முன்பே வந்திருந்தது. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கத்தோலிக்கக் குருமார் தடை செய்யப்பட்டிருந்த அக்காலத்தில் ஜோசப் வாஸ் அடிகள் 1690இல் புத்தளத்துக்கு வந்து மறைந்து பணியாற்றினார். ஆனால் சட்டப்படி செல்லும் ஞானஸ்நானமும் திருமணமும் சீர்திருத்தச் சபையில்தான். எனவே ஒல்லாந்தர் காலப் பதிவேடான பள்ளித் தோம்பில் ஒருவர் பெயர் இருப்பதை வைத்து அவர் கத்தோலிக்கர் அல்லர் என்று முடிவுகட்ட முடியாது.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அரசுப் பதிவு நிலைபெறத் தொடங்கியது. சிலாபத்துக் கத்தோலிக்கர், புத்தளத்து முஸ்லிம்கள், உடப்பின் சைவர் என்று எல்லோருக்கும் ஒரே மரணச் சான்றிதழ் என்ற நிலை அப்படி உருவானது. சமயத்தைக் கேட்காமல் மரணத்தைப் பதியும் அந்த முறை, 1639இன் மாசசூசெட்ஸ் ஏற்பாட்டுக்கு அருகில் நிற்கிறது.

தேடுவோருக்கும் காப்போருக்கும்

தேடுவோருக்கு இதிலிருந்து கிடைக்கும் முறை எளியது. பெயர் இல்லை என்றால் அந்த ஏடு எதைக் கேட்டு எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். சபைப் புத்தகத்தில் பெயர் நின்றுபோனால் விலக்கமா, கடிதமா என்று பார்த்து, ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்திலுள்ள மிஷன் ஆவணங்கள்வரை போகலாம். பங்கு இடாப்பில் இல்லையென்றால் வாடி போட்ட கரையின் பங்கில் தேடலாம். சிலாபம் மறைமாவட்டம் 1939இல்தான் உருவானது என்பதால் அதற்கு முந்திய நிர்வாகக் கடிதங்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தேட வேண்டியிருக்கும்.

காப்போருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பங்கு இடாப்பின் ஒழுங்கு பென்ட்லிக்கு வாய்க்கவில்லை. அவர் காட்டிய அகலம் இடாப்புக்கு வாய்க்கவில்லை. கரையோரப் பங்கு ஒவ்வொன்றிலும் மரண இடாப்பின் பக்கத்தில் கடலிலிருந்து திரும்பாதவர்களுக்கென ஒரு துணை ஏடு வைக்கலாம். படகு, நாள், உடன் போனவர், சொன்னவர் பெயர் என்று நான்கு பத்தி போதும். அந்த விவரங்களைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் அந்த ஊர்களில் இருக்கும்போதே அதைத் தொடங்கவேண்டும்.