யாருடா முன்னாடி போறான்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம். இந்த வாரம் ஆணி கொஞ்சம் குறைவு. அதனால நீங்க மாட்டிக்கிட்டீங்க :-)

ஆரம்பிச்சு வச்சது எங்க அப்பா. 2024 அக்டோபர்ல ஒரு சாயங்காலம் வீட்டிலிருந்தே பொட்டி தட்டிக்கிட்டிருந்தேன். ஒரு திரையில லாக் ஓடுது. இன்னொரு திரையில, சத்தத்தை அணைச்சுட்டு, பார்சிலோனா கடல்ல நடந்த அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் பந்தயம். நியூசிலாந்தும் பிரிட்டனும் மோதின இறுதிப் போட்டி. அப்பா காபி டம்ளரோட பின்னாடி வந்து நின்னார். ரெண்டு நிமிஷம் உத்துப் பார்த்துட்டுக் கேட்டார்:

"யாருடா முன்னாடி போறான்?"

ஒரு படகு இடது ஓரத்துல, இன்னொண்ணு வலது ஓரத்துல, ரெண்டும் வேற வேற திசையைப் பார்த்துப் பறக்குது. கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா தண்ணி மேல கோடு கோடா வரைஞ்சு, எத்தனை மீட்டர் வித்தியாசம்னு பக்கத்துலயே எண்ணும் போட்டிருந்தான். அதைப் பார்த்து, "நியூசிலாந்துப்பா"ன்னேன்.

"அந்தக் கோடு தண்ணியில இருக்கா?"

"இல்லப்பா, கம்ப்யூட்டர் வரையுது."

"அப்ப கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இதை எப்படிடா சொன்னானுங்க?"

சேப்பாக்கம் டெஸ்ட்டை டிரான்சிஸ்டர்ல தமிழ் வர்ணனையாக் கேட்டு வளர்ந்த மனுஷன். அவருக்கு இந்தக் கேள்வி வந்ததுல ஆச்சரியமில்லை. எனக்கு பதில் தெரியலைங்கிறதுதான் அவமானமா இருந்தது. தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல, இது ஏன் இவ்வளவு கஷ்டம்னு சொல்லிடறேன். பாய்மரப் படகு காத்துக்கு நேர் எதிரா போகாது. காத்து வர்ற திசையில இருக்கிற மிதவையை எட்டணும்னா சாய்வா கொஞ்ச தூரம், திரும்பி மறுபக்கம் சாய்வா கொஞ்ச தூரம்னு வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். எப்பத் திரும்பறதுங்கிறது அவனவன் கணக்கு. ஒரே கோயிலுக்குக் கிளம்பின ரெண்டு ஆட்டோவுல ஒருத்தன் கீழத்தெரு வழியாவும் இன்னொருத்தன் மேலத்தெரு வழியாவும் போறான்னு வச்சுக்குங்க. தேரடியில சேர்ற வரைக்கும் யார் முன்னாடின்னு எப்படிச் சொல்வீங்க? இதுல தெருவே நகரும். காத்து ஒரு பத்து டிகிரி திரும்பினாப் போதும், பின்தங்கியிருந்தவன் முன்னணிக்கு வந்துடுவான். கரையில நிக்கிறவனுக்கு ரெண்டு வெள்ளைப் புள்ளி தெரியும், அம்புட்டுதான்.

சரி, கதைக்கு வருவோம். வருஷம் 1898, ஜூலை மாசம். அயர்லாந்துல டப்ளினுக்குப் பக்கத்துல கிங்ஸ்டவுன் துறைமுகம். இன்னைக்கு அதுக்கு டன் லீரின்னு பேர். அங்க நடந்த படகுப் பந்தயத்தை எழுத டப்ளின் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை புதுசா ஒரு ஆளைப் பிடிச்சது. 24 வயசு இத்தாலிக்காரப் பையன், பேரு மார்க்கோனி. ஏன் அயர்லாந்துன்னா, அவங்க அம்மா அயர்லாந்துக்காரங்க. ஜேம்சன் விஸ்கி குடும்பம். (நம்ம நண்பர்கள் சிலருக்கு இந்தத் தகவலே போதும், மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.)

ஃப்ளையிங் ஹண்ட்ரஸ்ங்கிற இழுவைப் படகுல கம்பம் நட்டு, கம்பி கட்டி, பந்தயப் படகுகள் பின்னாடியே போனார் மார்க்கோனி. பார்த்ததையெல்லாம் மோர்ஸ்ல தட்டினார். கரையில துறைமுக அதிகாரி வீட்டுல அதை வாங்கி, டெலிபோன்ல டப்ளின் பத்திரிகை ஆபீசுக்குச் சொன்னாங்க. அந்தப் பந்தய நாட்கள்ல 700-க்கும் மேல செய்திகள் போச்சு. படகுகள் கரைக்குத் திரும்பறதுக்கு முன்னாடியே சாயங்காலப் பேப்பர்ல விவரம் வந்துடுச்சு. வானொலின்னு ஒண்ணு பிறக்கறதுக்கு இருபது வருஷத்துக்கு மேல முன்னாடி, கம்பியில்லாத் தந்தியை முதல்முதலா விளையாட்டுச் செய்திக்குப் பயன்படுத்தினது இப்படித்தான், ஒரு பாய்மரப் பந்தயத்துல. தேவை இருந்த இடத்துலதான் சரக்கு முதல்ல வித்திருக்கு. கிரிக்கெட்டுக்கோ குதிரைப் பந்தயத்துக்கோ கம்பி இழுத்துட்டுப் போய்த் தந்தி அடிச்சுடலாம். நடுக்கடலுக்கு எந்தக் கம்பியை இழுக்கறது?

பேர் பரவிடுச்சு. அடுத்த வருஷமே நியூயார்க் ஹெரால்டு 5,000 டாலர் கொடுத்து மார்க்கோனியை அமெரிக்காவுக்கு வரவழைச்சது. 1899 அக்டோபர், அமெரிக்கா கோப்பை. அமெரிக்காவோட கொலம்பியாவும், சர் தாமஸ் லிப்டனோட ஷாம்ராக்கும். காத்தே இல்லாம, பனிமூட்டத்துல பல நாள் வீணாப்போய், கடைசியில கொலம்பியா 3-0-ன்னு ஜெயிச்சது. இந்தத் தடவையும் மார்க்கோனி கப்பல்லேருந்து தட்டினார், ஊரே தெரிஞ்சுக்கிட்டது.

லிப்டன்னதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆமா, அதே டீத்தூள் லிப்டன்தான். 1890-ல இலங்கைக்குப் போய் மலையகத்துல தோட்டங்களை வாங்கிப் போட்டவர். ஹப்புத்தளைக்கு மேல அவர் உக்கார்ந்து தோட்டத்தைப் பார்ப்பார்னு சொல்ற இடத்தை இன்னைக்கும் லிப்டன் சீட்னு டூரிஸ்ட்டுக்குக் காட்டறாங்க. 1899, 1901, 1903, 1920, 1930னு அஞ்சு தடவை அஞ்சு ஷாம்ராக் கட்டிக்கிட்டு வந்தார், அஞ்சு தடவையும் தோத்தார். தோத்தாலும் சிரிச்சாருன்னு அமெரிக்காக்காரங்க வசூல் பண்ணி தங்கக் கோப்பையே செஞ்சு கொடுத்தாங்க. நல்ல மனுஷனா இருந்திருப்பார், இல்லைங்கலை. ஆனா அந்தப் பாய்களுக்கான காசு, நம்ம மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்து கங்காணி கூட்டிட்டுப் போன சனங்க பறிச்ச கொழுந்துலேருந்தும் வந்த காசு. ஷாம்ராக் எத்தனை நிமிஷம் பின்தங்கியிருக்குன்னு நடுக்கடல்லேருந்து உடனுக்குடன் செய்தி போன அதே காலத்துல, கடல் தாண்டின மகன் உயிரோட இருக்கானான்னு தெரிய ஒரு தாய்க்கு எத்தனை மாசம் ஆகியிருக்கும்? இதைப் படிச்ச அன்னைக்கு டீ இறங்கலை.

இனிமேத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1901. மறுபடியும் கொலம்பியா, எதிர்ல ரெண்டாவது ஷாம்ராக். மார்க்கோனி கம்பெனி அசோசியேட்டட் பிரஸ்ஸுக்காக வந்திருந்தது. லீ டி ஃபாரஸ்ட்ங்கிற அமெரிக்க இளைஞர் போட்டிச் செய்தி நிறுவனத்துக்காக வந்திருந்தார். மூணாவதா இன்னொரு கம்பெனி. யாரும் கூப்பிடலை, ஒப்பந்தமும் இல்லை, ஆனாலும் வந்துட்டான்.

அந்தக் காலத்துக் கருவிங்கிறது தீப்பொறி பறக்கவிட்டு அலை கிளப்புற சமாச்சாரம். ஒரு அலைவரிசையோட அடங்காது, அக்கம்பக்கத்தை எல்லாம் நிரப்பிடும். அலைவரிசையைப் பிரிச்சு வைக்கிற முறைக்கு மார்க்கோனி 1900-லயே காப்புரிமை வாங்கிட்டார், 7777-ங்கிற ஃபேன்சி நம்பர்ல. ஆனா இந்தக் கடல்ல எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினாங்க. கரையில இருந்தவங்களுக்குக் கரகரன்னு சத்தம்தான் கேட்டுச்சே தவிர ஒரு எழுத்துகூடப் பிடிபடலை. ரெண்டு பெரிய கட்சிக்கும் பட்டை நாமம்.

அந்த மூணாவது கம்பெனி ஆள் என்ன பண்ணான் தெரியுமா? அங்க வேலை செஞ்ச பிக்கார்ட்ங்கிற என்ஜினியர் பின்னாடி சொன்ன கதை இது. அவங்க வார்த்தையே அனுப்பலை. சாவியை நீளமா ஒரு தடவை அழுத்தினா கொலம்பியா முன்னாடி, ரெண்டு தடவை அழுத்தினா ஷாம்ராக் முன்னாடி. நீளமா அழுத்தறதால எந்த இரைச்சல்லயும் அது தனியாக் கேட்கும், அதே அழுத்தல் மத்தவங்க செய்தியை நாசமும் பண்ணிடும். எங்க அப்பா கேட்ட கேள்விக்கு ஒரே பிட்டில பதில்! பந்தயம் முடிஞ்சதும் சாவி மேல ஒரு கனமான பொருளைத் தூக்கி வச்சுட்டுச் சும்மா உக்கார்ந்துட்டாங்களாம். அடுத்தவன் முடிவை அனுப்பக்கூடாதுல்ல.

அயோக்கியத்தனம்தான். ஆனா பொட்டி தட்டுறவனா யோசிச்சா, அன்னைக்கு அந்தக் கடல்ல இரைச்சலைப் புரிஞ்சுக்கிட்டது அவன் ஒருத்தன்தான். நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்ல மூணு சர்வீஸ் ஒரே நேரத்துல "திரும்ப முயற்சி, திரும்ப முயற்சி"ன்னு ஒரு சர்வரைத் தட்டி, மூணுக்கும் பதில் கிடைக்காம விடியவிடிய முழிச்சிருக்கோம். அன்னைக்கு 1901 கதை தெரிஞ்சிருந்தா மேனேஜர்கிட்ட சொல்லியிருப்பேன். அவர் ரசிச்சிருப்பாரான்னு தெரியாது.

அப்புறம் மோர்ஸ் போய்க் குரல் வந்தது, வானொலி வந்தது, டிவி வந்தது. விசைப்படகு வேகப் பந்தயத்தைச் சொல்றது சுலபம்னு நினைச்சேன். ஒரே படகு, நேர்கோடு, கையில கடிகாரம். யார் முன்னாடிங்கிற கேள்வியே கிடையாது. டொனால்டு கேம்பெல் கதையைப் படிக்கிற வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இங்கிலாந்துல கோனிஸ்டன் ஏரி. 1966 நவம்பர்லேருந்து பத்திரிகைக்காரங்க குளிர்ல காத்துக் கிடந்தாங்க. புளூபேர்டுங்கிற ஜெட் எஞ்சின் படகு, மணிக்கு 300 மைலைத் தாண்டணும். 1967 ஜனவரி 4 காலையில கிளம்பினார். சாதனைன்னு எழுதணும்னா ஒரு மணி நேரத்துக்குள்ள எதிர் எதிர் திசையில ரெண்டு தடவை ஓட்டி சராசரி எடுக்கணும். முதல் ஓட்டம் 297 மைலைத் தாண்டிடுச்சு. தன் படகு கிளப்பின அலை அடங்கறதுக்குக் காத்திருக்காம உடனே திரும்பினார். படகுக்குள்ள ரேடியோ இருந்தது. வெளியிலேருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாததெல்லாம் ஓட்டறவருக்குத்தான் தெரியும், அவர்தான் சொல்லிக்கிட்டே வந்தார். தண்ணி மோசமா இருக்கு, எதுவும் சரியாத் தெரியலைன்னு. 300-ஐத் தாண்டின வேகத்துல மூக்கு மேல எழும்பி, படகு குட்டிக்கரணம் அடிச்சது. கடைசி நொடி வரைக்கும் குரல் பதிவாகியிருக்கு. 2001-லதான் உடல் கிடைச்சது.

அந்தப் பதிவை நான் ஒரு தடவை கேட்டேன். அந்த வார்த்தைகளை இங்க எழுதப் போறதில்லை. எனக்குத் தெரிஞ்சு அதைவிடத் தெளிவான நேர்முக வர்ணனை கிடையாது. இரைச்சல் இல்லை, குறுக்கீடு இல்லை, எல்லாம் ஒழுங்காக் கரைக்கு வந்து சேர்ந்தது.

பாய்மரத்துக்கே திரும்பிடறேன். 1987-ல ஆஸ்திரேலியாவுல ஃப்ரீமேண்டில் போட்டியை ஈஎஸ்பிஎன் நேரலையாக் காட்டினது. படகுக்குள்ளயே கேமரா வச்சாங்க. நடுராத்திரியில அமெரிக்காக்காரன் முழிச்சு உக்கார்ந்து பார்த்தான். வர்ணனை பண்ண கேரி ஜாப்சன், தானே கோப்பை ஜெயிச்ச படகுல இருந்தவர். ஆனாலும் யார் முன்னாடின்னு அவர் வாய்தான் சொல்லணும். 1992-ல நியூசிலாந்தோட டனீடின் ஊர்க் கம்பெனி ஒண்ணு, படகு இருக்கிற இடத்தை வாங்கி கம்ப்யூட்டர்ல பொம்மைப் படமா ஓட்டிக் காட்டினது. நிஜக் கடல் மேலயே கோடு வரையற வேலை 2013 சான் பிரான்சிஸ்கோ போட்டிக்காக வந்தது. செஞ்சவர் ஸ்டான் ஹனி. இவர் வெறும் என்ஜினியர் இல்லை, உலகத்தைச் சுத்தற பந்தயத்துல வழிகாட்டியா இருந்து ஜெயிச்ச கடலோடி. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துல டிவியில மட்டும் தெரியற மஞ்சள் கோடு இருக்கே, 1998-ல அதைக் கொண்டுவந்த கம்பெனியும் இவர் சேர்ந்து ஆரம்பிச்சதுதான். அங்க மைதானம் அசையாது. இங்க தண்ணி, படகு, படம் எடுக்கிற ஹெலிகாப்டர் எல்லாமே அசையுது. அத்தனைக்கும் நடுவுல படகு இருக்கிற இடத்தை 2 சென்டிமீட்டர் சுத்தமாப் பிடிச்சார். நடுவர்களே அதைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாங்க.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட சொல்லிட்டு, அதே 2013 போட்டியோட பழைய வீடியோவைப் போட்டேன். செப்டம்பர் 20. நியூசிலாந்து 8-2-ன்னு முன்னணி, இன்னும் ஒண்ணு ஜெயிச்சா கோப்பை. காத்து செத்துப்போச்சு. 40 நிமிஷத்துக்குள்ள முடியலைன்னா பந்தயம் செல்லாதுன்னு விதி. நியூசிலாந்து படகு சுமார் ஒரு கிலோமீட்டர் முன்னாடி போய்க்கிட்டிருக்கு, எல்லைக்கோடும் கிட்டத்தான். ஓரத்துல கடிகாரம் குறையுது.

அப்பாவுக்கு முடிவு தெரியாது. எனக்குத் தெரியும். நேரம் முடிஞ்சு பந்தயம் ரத்தாகும், அன்னைக்கே திரும்ப ஓட்டி அமெரிக்காக்காரன் ஜெயிப்பான், அப்படியே தொடர்ந்து ஜெயிச்சு 9-8-ன்னு கோப்பையை வச்சுக்குவான். வாயைத் திறக்காம உக்கார்ந்திருந்தேன்.

அப்பா கோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். யார் முன்னாடின்னு கேட்கலை. வழக்கம்போல நான் சத்தத்தை அணைச்சுத்தான் வச்சிருந்தேன்.

"அந்த வர்ணனையை வைடா. அவன் என்ன சொல்றான்னு கேட்போம்."